டிசம்பர் மாதத்தின் சிறந்த கோச்

நவம்பர் 4, செவ்வாய்

காலைப் பயிற்சிக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். தீபாவளி முடிந்து இரண்டு வாரமாகிறது. சொந்தக்காரர் வீட்டிலிருந்து இன்னும் திரும்பாத மகாராணிகள் பதினொரு பேர். வராதவர்களுக்கும் சேர்த்து வந்த ஏழு பேரையும் ஓடவிட்டேன். ஆர்த்திக்கு மட்டும் கூடுதலாக இரண்டு சுற்று. "நான் என்ன டீச்சர் தப்பு செஞ்சேன்?" என்றாள். கேப்டனாக இருக்கிறாயே, அதுதான் தப்பு என்றேன்.

பத்து மணிக்கு அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். சங்கரபாண்டியன் அண்ணாச்சிதான் எங்கள் சிவகாசி அணியின் முதலாளி. முதலில் பட்டாசு, பிறகு அச்சகம், அதற்கும் பிறகுதான் கால்பந்து. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"லீக்கு மூணு மாசம். மாசத்துக்கு ஒரு சிறந்த கோச் அவார்டு. மூணுல ஒண்ணு நமக்கு வரணும் டீச்சர். வந்தா அடுத்த ரெண்டு வருசமும் நீங்கதான். வரலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிருவேன். தப்பா நெனைக்காதீக."

கோப்பையையே ஜெயித்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன்.

"கோப்பைய அலமாரிலதான் வைக்கலாம். அவார்டுன்னா உங்க போட்டோ வரும். போட்டோ வந்தா பட்டாசுப் பெட்டி லேபிள்ல போடலாம்."

பதினோரு வருடம் பார்த்த பி.டி. டீச்சர் வேலையை ஜூன் மாதம் எழுதிக் கொடுத்துவிட்டு இந்த மைதானத்துக்கு வந்தவள் நான். அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது வேறொருத்தி விசிலோடு நிற்கிறாள். திரும்பிப் போக இடமில்லை. ஒரு விருது. சரி, வாங்கிக் காட்டுகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னார் போதகர். முன் வரிசையிலிருந்து திரும்பிக் கையை நீட்டினார் ஜெயசுந்தர் சார். "சமாதானம், வினோ." நான் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவருக்கு வீடு இங்கே சிவகாசியில், கோச் வேலை விருதுநகர் அணியில். வாரத்தில் ஆறு நாள் எனக்கு எதிரி, ஏழாம் நாள் எனக்கு முன் வரிசை. பதினேழு வருடத்துக்கு முன் நான் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தபோது இவர்தான் கோச். மாநில அணிக்கான முகாமில் இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, "நீ வீட்டுக்குப் போ" என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் சாத்தூர் தாண்டும்வரை அழுதேன்.

போன வாரம் பேப்பரில் பேட்டி கொடுத்திருக்கிறார். 'அதட்டி வேலை வாங்குகிற காலம் போய்விட்டது' என்று. யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் யோபு, "ஒரு நிமிசம் கையக் குடுத்தா கை தேஞ்சிருமா?" என்றார். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தன்னைத் திட்டுகிற நோயாளிக்கும் தலையணையைச் சரிசெய்து வைக்கிற ரகம். அவருக்கு இதெல்லாம் புரியாது.

நவம்பர் 16, ஞாயிறு

விருதுநகரிடம் ஒன்றுக்கு இரண்டு. கடைசி ஐந்து நிமிடம் தற்காப்பில் நின்றவர்கள் பந்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த ஆள் கத்தவே இல்லை. தொண்ணூறு நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதுவும் ஒரு நடிப்புதான்.

நவம்பர் 29, சனி

முதல் மாத விருது. விருதுநகரில் லீக் ஆபீஸ், மாடியில் ஒரு மேஜை, ஆறு நாற்காலி. ஆறு அணி, ஆறு கோச். தன் பெயரைத் தவிர வேறொரு கோச்சின் பெயரைச் சீட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு மடித்துப் போட வேண்டும். செயலாளர் சீனிவாசகம் மட்டும் பிரித்துப் பார்த்து, யாருக்கு எத்தனை என்று சொல்வார். இதுதான் தொழில்முறை லீக்கின் மாத விருது. ஊர்ப் பஞ்சாயத்தில்கூட இதைவிட ஒழுங்கு உண்டு.

யாருக்குப் போடுவது? நியாயமாகப் பார்த்தால் விருதுநகருக்கு. நாலில் நாலு ஜெயித்திருக்கிறார்கள். என் கையால் அந்தப் பெயரை எழுதுவதா? சாத்தூர் கோச் வெள்ளைத்துரை அண்ணன் பெயரை எழுதினேன். ஐம்பத்தெட்டு வயது, கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு கிலோ காராச்சேவு கொண்டுவருவார், ஆடிய நாலிலும் தோற்றவர். அவருக்கு ஒரு ஓட்டுப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அப்படியும் ஜெயசுந்தருக்கே மூன்று. விருது அவருக்கு. காராச்சேவு தின்றுகொண்டே எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்து நின்று கேட்டேன். எண்ணுவது ஒருவர், பார்ப்பதும் அதே ஒருவர், இதை எப்படி நம்புவது? அடுத்த மாதம் முதல் யார் யாருக்குப் போட்டார்கள் என்று சத்தமாக வாசிக்க வேண்டும் என்றேன். சீனிவாசகத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "எழுத்துல குடுங்க மேடம், செயற்குழுவுல வைக்கிறேன்" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

வெள்ளைத்துரை அண்ணனுக்கு ஏன் ஓட்டுப் போட்டேன் என்று யோபுவிடம் சொன்னேன். "தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆகணும், அப்படித்தானே?" என்று சிரித்தார். அவருக்கு மட்டும் இன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

அருப்புக்கோட்டையை மூன்றுக்கு பூஜ்யம். மூன்றில் இரண்டு ஆர்த்தி.

டிசம்பர் 13, சனி

ராஜபாளையத்தை இரண்டுக்கு ஒன்று. அவர்கள் கோச் அன்பரசன் கடைசியில் கைகொடுக்காமல் வேனில் ஏறிவிட்டான். இந்த லீக்கில் ஒருவன் ஜெயித்தால் மற்ற ஐந்து பேருக்கும் வயிற்றுவலி. எனக்கும் அந்த வலி உண்டு, மறைப்பானேன்?

டிசம்பர் 16, செவ்வாய்

அச்சகத்துக்கு வரச் சொன்னார் அண்ணாச்சி. போட்டோ எடுக்கிறவர் தயாராக நின்றார். விசில் வாயில், கை இடுப்பில். எதற்கு என்று கேட்டதற்கு ஒரு தாளைக் காட்டினார். புத்தாண்டுப் பட்டாசு கிஃப்ட் பாக்ஸுக்கு லேபிள். சிவப்பும் மஞ்சளும். நடுவில் என் படத்துக்கு இடம் விட்டு, கீழே பெரிய எழுத்தில்: 'டிசம்பர் மாதத்தின் சிறந்த கோச்.'

"அண்ணாச்சி, ஓட்டெடுப்பே முப்பதாம் தேதிதான்."

"கேரளா லோடு இருபத்திரண்டாம் தேதி ஏறணும் டீச்சர். முப்பதாம் தேதிவரைக்கும் மெசினைப் பூட்டி வச்சிட்டு உக்கார முடியுமா? ரெண்டும் ஜெயிச்சிட்டீக. மத்த ரெண்டையும் ஜெயிச்சிருவீக. அப்புறம் யாருக்குக் குடுப்பான்?"

இந்த ஊர் அப்படித்தான். அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடியிலேயே பரப்பி வைக்கிற ஊர். நடக்காத வருடத்தையே அச்சடிப்பவர்கள் நடக்காத விருதை அச்சடிக்க யோசிப்பார்களா? வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

டிசம்பர் 20, சனி

கோவில்பட்டியை ஒன்றுக்கு பூஜ்யம். எழுபதாவது நிமிடத்தில் ஆர்த்தியின் வலது கணுக்கால் மடங்கியது. ஐஸ் வைத்தோம். ராத்திரிக்குள் வடிந்துவிடும்.

டிசம்பர் 22, திங்கள்

வடியவில்லை. யோபு பார்த்தார். கையால் தொட்டதுமே, "எக்ஸ்ரே எடுக்கணும். மூணு வாரம் கால் கீழ படக் கூடாது" என்றார். நீங்கள் நர்ஸ், டாக்டர் இல்லை என்றேன். ஆர்த்தி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சாயங்காலம் நாற்பதாயிரம் பெட்டி லாரியில் ஏறியது, பாதி கேரளாவுக்கு, பாதி நம் பக்கத்துக் கடைகளுக்கு. எல்லாவற்றிலும் நான் விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 27, சனி

சாத்தூருடன் ஆட்டம். டிசம்பரில் நாலாவது. ஜெயித்தால் நாலில் நாலு.

பாதி ஆட்டம்வரை கோல் இல்லை. கடைசி இடத்தில் கிடக்கிற அணியிடம் கோல் இல்லை! பெஞ்சில் ஆர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவளைப் போய்ப் பார்த்தேன். ஆடுவாயா என்று நான் கேட்கவில்லை. "வலிக்குதா?" என்று மட்டும்தான் கேட்டேன். என்னிடம் வலிக்கிறது என்று எந்தப் பெண் சொல்வாள்? "இல்ல டீச்சர்" என்றாள். கட்டை இறுக்கி, ஸ்பிரே அடித்து, அறுபதாவது நிமிடத்தில் இறக்கினேன்.

எண்பத்திரண்டில் கோல் போட்டாள். இடது காலால். போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். மற்றவர்கள் கட்டிப்பிடிக்க ஓடினார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

ஜெயித்தோம். நாலில் நாலு.

யோபு தன் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

எக்ஸ்ரே. எலும்பில் விரிசல். ஆராதனைக்குப் போகவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதாமல் இருந்தால் இன்னும் கேவலம்.

ஆறு பேரும் உட்கார்ந்தோம். ஐந்து பேரில் இரண்டு பேர் எனக்குப் போட்டாலே போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். என் சீட்டு மட்டும் விருதுநகருக்குப் போய்விடக் கூடாது. அவர்கள் இரண்டாவது இடத்தில் இருந்தார்கள். ஒரு ஓட்டில் முந்திவிட்டால்? பழையபடி வெள்ளைத்துரை அண்ணன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு மடித்தேன். நான்கு ஆட்டத்திலும் தோற்ற மனிதர். எனக்கு எதிரே உட்கார்ந்து காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாச் சீட்டும் பெட்டிக்குள் போன பிறகு சீனிவாசகம் தொண்டையைச் செருமினார். "போன மாசம் மேடம் ஒரு புகார் குடுத்திருந்தாக. செயற்குழு ஏத்துக்கிட்டது. இன்னையில இருந்து யாரு, யாருக்குன்னு சத்தமா வாசிக்கப் போறேன்."

நான் கொடுத்த புகார். நானே மறந்துபோயிருந்தேன்.

வாசித்தார். "கோவில்பட்டி கோச் — சாத்தூர் வெள்ளைத்துரைக்கு. அருப்புக்கோட்டை கோச் — சாத்தூர் வெள்ளைத்துரைக்கு. ராஜபாளையம் அன்பரசன் — சாத்தூர் வெள்ளைத்துரைக்கு." வெள்ளைத்துரை அண்ணன் தின்பதை நிறுத்திவிட்டார். நான்காவது சீட்டு. "சிவகாசி வினோலியா — சாத்தூர் வெள்ளைத்துரைக்கு."

யாரோ சிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே புத்தி. எல்லோரும் அடுத்தவனைத் தடுக்க ஆபத்தில்லாத ஒரு ஆளைத் தேடியிருக்கிறோம், எல்லோருக்கும் ஒரே ஆள் அகப்பட்டிருக்கிறார். எட்டு ஆட்டம் தொடர்ந்து தோற்ற மனிதர் டிசம்பர் மாதத்தின் சிறந்த கோச்.

வெள்ளைத்துரை அண்ணன் தன் ஓட்டை ஜெயசுந்தருக்குப் போட்டிருந்தார்.

ஆறாவது சீட்டு. "விருதுநகர் ஜெயசுந்தர் — சிவகாசி வினோலியாவுக்கு."

எனக்கு விழுந்த ஒரே ஓட்டு.

வெள்ளைத்துரை அண்ணன் எழுந்து, "எனக்கு எதுக்குப்பா குடுத்தீக?" என்று கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார். அவர் கண் சுற்றி வந்து என்மேல் நின்றது. படியிறங்கி வந்துவிட்டேன்.

ஜனவரி 1, வியாழன்

ராத்திரி பன்னிரண்டுக்குத் தெரு முழுவதும் அண்ணாச்சியின் கிஃப்ட் பாக்ஸ். காலையில் வாசல் பெருக்க வந்தால் எங்கு பார்த்தாலும் டிசம்பர் மாதத்தின் சிறந்த கோச். எதிர்வீட்டு அம்மா, "டீச்சர், பேப்பர்ல வேற யாரோ பேரு போட்டிருக்கான். தப்பாப் போட்டுட்டான் போல!" என்றார். ஆமாம், பேப்பர்காரன்தான் தப்பு என்று சொன்னேன். வருடத்தின் முதல் நாள், முதல் பொய்.

ஜனவரி 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஜெயசுந்தரைப் போய் மறித்தேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஏன் எனக்குப் போட்டீர்கள் என்றேன். என்னைக் கேவலப்படுத்தவா?

"நாலு மேட்சு ஜெயிச்சது நீ. வேற யாரு பேரை எழுத?" என்றார். செருப்பு வாரைப் போட்டு முடித்து நிமிர்ந்தார். "அந்தப் பிள்ளைய எறக்குனது தப்பு. அதை எழுதச் சீட்டுல எடமில்ல."

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? பதினேழு வருடமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. அன்றைக்கு இருபது பேர் முன்னால் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னீகளே, நான் என்ன தப்பு செஞ்சேன், அதைச் சொல்லுங்க முதல்ல, என்று கத்தினேன். கோவில் வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை. போதகரம்மா திரும்பிப் பார்த்தார்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தார்! "அப்படிச் சொன்னேனா?" என்றார். "எனக்கு ஞாபகமில்லயேம்மா."

நான் எதை வைத்து இத்தனை வருடம் எரிந்துகொண்டிருந்தேனோ அது அவருக்கு ஞாபகமே இல்லை. ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம், அல்லது ஒரு பொய்க் காரணமாவது சொல்லியிருக்கலாம். படுபாவி, இரண்டும் இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்

அண்ணாச்சி கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனேன். அதைவிட மோசம், அமைதியாக இருந்தார்.

"கொல்லத்துல ஒரு வியாபாரி போன் போட்டுக் கேக்கான், அவார்டு சாத்தூருக்குன்னு போட்டிருக்கே, உங்க லேபிள்ல வேற ஆளு இருக்கேன்னு. நாப்பதாயிரம் பெட்டில பொய் சொல்லியிருக்கேன் டீச்சர். நாப்பது வருசத்துல வெடிமருந்து எடை குறைஞ்சுதுன்னு ஒரு பய சொன்னதில்ல. ஜனவரி ஒண்ணு இருக்கு. மாசம் மாறினாலும் பரவால்ல. அவார்டுன்னு ஒண்ணை வாங்கி அதை உண்மையாக்குங்க. இல்லேன்னா மாசக் கடைசியில கிரவுண்டு சாவியக் குடுத்துருங்க."

ஜனவரி 8, வியாழன்

விஸ்வநத்தத்தில் ஆர்த்தி வீடு. ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அவள் கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். அது பழக்கம். நான் உட்காரச் சொல்வதற்குள் அவள் அம்மா ஞானசுந்தரி அவள் தோளைப் பிடித்து அழுத்திவிட்டார்.

அந்த அம்மா அண்ணாச்சி கம்பெனியில்தான் பேக்கிங்கில் வேலை. நான் எதிர்பார்த்த சண்டையைப் போடவில்லை.

"பெட்டியில உங்க மூஞ்சிய ஒட்டுனது நான்தான் டீச்சர். ஒரு நாளைக்கு ஆயிரம் பெட்டி. எம்பிள்ளயோட கோச்சாக்கும்னு பக்கத்துல இருந்தவககிட்ட சொல்லிச் சொல்லி ஒட்டுனேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஆப்பிளை வைக்க இடம் தேடி, கடைசியில் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். வரும்போது வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன். பாதித் தெரு வந்திருப்பேன், அந்த அம்மா பின்னால் வந்து பையைத் திருப்பிக் கொடுத்தார். "அங்கன வச்சா ஆடு தின்னுரும்" என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

சாத்தூரில் ஆட்டம். சாத்தூர் ஜெயித்தது, இரண்டுக்கு பூஜ்யம். அவர்களுக்கு இந்த சீசனில் முதல் வெற்றி. விருது கொடுத்தார்கள் என்றதும் அந்தப் பெண்களுக்கு எங்கிருந்தோ ரத்தம் ஊறியிருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்கு வெளியே சாத்தூர்க்காரர்கள் அண்ணாச்சியின் கிஃப்ட் பாக்ஸை அடுக்கி வைத்துக் கொளுத்தினார்கள். பெட்டியோடு. வேன்வரை நடப்பதற்குள் என் முகம் துண்டு துண்டாகக் காலில் மிதிபட்டது. கோல்கீப்பர் பிரீத்திகா குனிந்து ஒன்றை எடுத்து, "டீச்சர், உங்க மூக்கு" என்றாள். அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். இரண்டு நாள் பயிற்சியில் அவளோடு பேசப் போவதில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பயிற்சி வைத்தேன். யாரும் வரவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

ராஜபாளையத்திடம் பூஜ்யத்துக்கு மூன்று. அன்பரசன் இந்த முறை தேடி வந்து கைகொடுத்தான். தோற்றவளுக்குக் கைகொடுக்க எல்லோருக்கும் மனசு வருகிறது.

ஜனவரி 25, ஞாயிறு

தோல்வி. நேற்று யோபுவிடம் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "போட்டுப் பாரு" என்றார். போட்டேன். கணக்கு டீச்சர் கல்யாணத்துக்குப் போயிருக்கும் இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டுமாம்.

ஜனவரி 29, வியாழன்

விருதுநகரிடமும் தோற்றோம். இந்த மாதம் நாலில் நாலும் தோல்வி.

ஜனவரி 31, சனி

கடைசி விருது. சாவியைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். இன்றைக்கே அண்ணாச்சியிடம் கொடுத்துவிடலாம் என்று.

சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த மாதம் யார்? வெள்ளைத்துரை அண்ணன்தான். கடைசியில் கிடந்த அணி நாலில் மூன்று ஜெயித்திருக்கிறது. ஆனால் நான் இரண்டு மாதமாக எழுதிய அதே பெயர், அதே கையெழுத்து. சத்தமாக வாசிக்கும்போது இதுவும் பழைய சூழ்ச்சி என்றுதானே நினைப்பார்கள்? நினைக்கட்டும். எழுதினேன்.

சீனிவாசகம் வாசித்தார். "கோவில்பட்டி — சிவகாசி வினோலியாவுக்கு."

தவறாக வாசிக்கிறார் என்று நினைத்தேன்.

"அருப்புக்கோட்டை — சிவகாசி வினோலியாவுக்கு. ராஜபாளையம் — சிவகாசி வினோலியாவுக்கு." வாசிப்பவர் குரலில் சிரிப்பு. மேஜையைச் சுற்றி யாரும் என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. சாத்தூர் இப்போது ஆபத்தான அணி. விருதுநகர் எப்போதும் ஆபத்து. இந்த மேஜையில் யாருக்கும் ஆபத்தில்லாத ஆள் யார்? நாலிலும் தோற்று, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள்.

"சாத்தூர் வெள்ளைத்துரை — சிவகாசி வினோலியாவுக்கு."

அவரும். பக்கத்தில் குனிந்து, "உனக்கு வேலை போகப் போகுதுன்னு சொன்னாக தாயி. எனக்கு ஒண்ணு போதும்" என்றார். அவரைத் திட்டக்கூட வழியில்லை.

ஜெயசுந்தர் வெள்ளைத்துரை அண்ணனுக்குப் போட்டிருந்தார். நானும். முதல்முறையாக நானும் அந்த ஆளும் ஒரே பக்கம், இரண்டு ஓட்டு. நாலு ஓட்டு எனக்கு.

கை தட்டினார்கள். கண்ணாடிக் கேடயம், ஒரு கிலோ எடை இருக்கும். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருந்தால் என்னை நானே மதித்திருப்பேன். வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கும் நின்றேன்.

பிப்ரவரி 2, திங்கள்

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்து வந்து கேடயத்தை வாங்கிக்கொண்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அச்சுல ஏறுனது பொய்யாப் போகாது டீச்சர். பாத்தீகளா?"

மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். அண்ணாச்சி, இது ஜெயிச்சதுக்குக் குடுத்ததில்ல. தோத்ததுக்குக் குடுத்தாங்க. நான் யாருக்கும் ஆபத்தில்லாதவள்னு குடுத்தாங்க.

"இருந்துட்டுப் போகுது. காரணம் லேபிள்ல வராது."

இரண்டு வருட ஒப்பந்தத்தை நீட்டினார். பேனா மூடியைக் கழற்றி அவரே கொடுத்தார். போட்டேன். எதற்காக நவம்பரிலிருந்து எல்லோரோடும் மல்லுக்கட்டினேனோ அது கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு தட்டைக் கழுவுகிற சாக்கில் கால் மணி நேரம் குழாயடியில் நின்றேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆர்த்தியிடமிருந்து மெசேஜ். 'டீச்சர் நான் விருதுநகர் டீம்ல சேந்துட்டேன். அம்மா சொல்லிரச் சொன்னாங்க. கால் நல்லா ஆகுறவரை ஜூன் வரைக்கும் கிரவுண்டுல எறக்க மாட்டேன்னு சார் எழுதியே குடுத்துட்டாங்க.'

பத்து வரி எழுதினேன். நன்றி கெட்டவளே என்று ஆரம்பித்தேன். நான்காவது வரியில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை, இருந்தும் எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'சரி' என்று அனுப்பினேன்.

எழுதியே கொடுத்திருக்கிறார். அந்த ஆள் ஒரு தப்பாவது செய்து தொலைக்கக் கூடாதா?

இன்றைக்குக் கோவிலில் அவர் கை நீட்டியபோது நானும் கொடுத்தேன். சமாதானம் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

அடுத்த சீசனுக்கான முதல் பயிற்சி. பதினாறு பேர் வந்திருந்தார்கள், ஐந்து பேர் புதுசு. பிரீத்திகாதான் கேப்டன்.

மூன்றாவது சுற்றில் அவள் இடது காலை லேசாக இழுத்து ஓடுவதைப் பார்த்தேன். யாருக்கும் தெரியாத அளவுக்குத்தான். முழங்காலுக்கு மேலே பாவாடைத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தாள், கால்சட்டைக்குள் மறைத்து. கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டேன். பிரீத்திகா, போதும், உட்காரு என்றேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கால்சட்டையை ஒரு கையால் கீழே இழுத்துக் கட்டை மறைத்துக்கொண்டு, "இல்ல டீச்சர், ஓடிருதேன்" என்று வேகத்தைக் கூட்டினாள். மற்றவர்களும் கூட்டினார்கள்.

உட்காரச் சொல்கிறேன், நில்லு, நில்லு என்று கத்தினேன். நான் கத்தக் கத்த இன்னும் வேகமாக ஓடினார்கள்.